குளிர்ப்பெட்டிக்கு வைத்த சந்தனம்

...தண்ணீர்தான், ஆனால் எங்கிருந்து வந்த தண்ணீர், காலையில் தரை துடைத்த ஈரம் இந்நேரம் காய்ந்திருக்க வேண்டாமா, மற்ற இடமெல்லாம் காய்ந்துதானே கிடக்கிறது, இந்தக் குளிர்ப்பெட்டிக்குக் கீழே மட்டும் ஏன்... உதயகலா செருப்பு நுனியால் அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து கதவைப் பார்த்தாள். கதவின் நடுவில் விபூதி, அதன்மேல் சந்தனம், சந்தனத்தின்மேல் குங்குமம். நேற்று மாலை டிஸ்பென்சரியில் சரஸ்வதி பூசை. ஸ்டெதஸ்கோப்பையும் பிறஷர் பார்க்கிற கருவியையும் குழந்தை நிறுக்கிற தராசையும் கும்பத்தின் முன்னால் வைத்துவிட்டால் விஜயதசமி காலையில் எடுக்கும்வரை ஒருவரும் தொடக்கூடாது, வருசம் முழுக்க உழைத்தவை ஓர் இரவாவது ஓய்வெடுக்கட்டும் என்பது வழக்கம், அவள் உடுவிலில் டொக்டர் என்று பெயர்ப்பலகை மாட்டிய முதல் வருசத்திலிருந்து நடக்கிற வழக்கம், அவளுக்கும் பிடித்த வழக்கம். குளிர்ப்பெட்டியும் ஒரு கருவிதானே என்று யாரோ அதற்கும் பொட்டு வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பொட்டு வைத்த கை பக்கத்திலேயே இருக்கிற சுவிச்சுக்கும் போயிருந்தால்? அதற்கும் ஓய்வு கொடுத்திருந்தால்? இரவு முழுக்க நின்றிருந்த பெட்டிக்குள்ளிருந்த தடுப்பு மருந்தையா இப்போது எடுத்து ஒரு குழந்தைக்குப் போடப் போகிறேன்...

கதவைத் திறந்தாள். குளிர் முகத்தில் அடித்தது, வெப்பமானி ஐந்து என்று காட்டியது, சரியான அளவு. ஆனால் அது இந்த நிமிடத்தின் குளிரைத்தான் சொல்லும், இரவு என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. இரவுக் கணக்கையும் வைத்திருக்கிற நல்ல வெப்பமானி பழுதாகி இரண்டு வாரம், புதிதாக ஒன்று வாங்கி வரச்சொல்லிச் செந்தூரனிடம் சொன்னாள், கடையில் இல்லை என்றான், உண்மையாகவே இல்லையா, கேட்க மறந்துவிட்டு இல்லை என்றானா... பார், இப்போது எல்லாவற்றையும் சந்தேகிக்கிறாய், புருசனையும் சேர்த்து. குப்பியைக் கையில் எடுத்தாள். சின்னமுத்து என்கிற தட்டம்மை, கூகைக்கட்டு, ஜேர்மன் சின்னமுத்து மூன்றுக்குமான மருந்து. பார்வைக்கு ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் இந்த மருந்தின் பொல்லாத குணம், பால் திரைந்தால் தெரியும், மீன் பழுதானால் மணக்கும், இது செத்துப்போனாலும் உயிரோடு இருப்பது போலவே இருக்கும், போட்டால் குழந்தைக்கு ஒன்றும் செய்யாது, கெடுதலும் செய்யாது, நன்மையும் செய்யாது. தாய் மட்டும் பிள்ளைக்கு ஊசி போட்டாயிற்று என்று நிம்மதியாகப் போவாள்.

திரைச்சீலைக்கு அப்பால் அந்தத் தாய் இருக்கிறாள், கஜந்தினி, மயிலிட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள். மகனுக்குப் பதினொரு மாதம். ஒன்பதாம் மாதத்தில் போட்டிருக்க வேண்டிய ஊசி. அதற்கு முந்தின ஊசிக்குக் காய்ச்சல் வந்து பிள்ளை இரவிரவாக அழுததாம், இனி ஊசியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று புருசன் கோகுலன் சொல்லிவிட்டானாம், அரசாங்கக் கிளினிக்குக்குப் போக அவளுக்கு வெட்கம், பிந்திப் போனால் ஏச்சு விழும் என்று பயம். உதயகலாதான் விடாமல் போன் எடுத்தாள், ஒருமுறை கோகுலனோடும் கதைத்தாள், மீன்வாடியில் வலை பொத்திக்கொண்டே கதைத்திருப்பான் போல, ஓம் டொக்டர், ஓம் டொக்டர், எல்லாவற்றுக்கும் ஓம், ஆனால் ஆள் அசையவில்லை. அக்கம்பக்கத்தில் சின்னமுத்து வந்து ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறது என்ற பிறகுதான்... அப்போதும் உடனே இல்லை. சற்று முன் பிள்ளையை நிறுக்கும்போது அவள் சொன்னாள், "விசயதசமி நல்ல நாள், அண்டைக்கெண்டால் கொண்டுபோய்ப் போடு எண்டு சொன்னவர் டொக்டர். வேற நாளெண்டால் விட்டிருக்க மாட்டார்." இவளை எப்படித் திருப்பி அனுப்புவது? நல்ல நாளில் போன காரியம் நடக்காமல் திரும்பினால் அவன் என்ன சொல்வான், பார்த்தியா, அம்மனுக்கே விருப்பமில்லை என்பான், அதற்குப் பிறகு எந்தப் போனுக்கு வருவாள்... திருப்பி அனுப்பினால் பிள்ளைக்கு ஊசி இல்லை. இதைப் போட்டாலும் ஒருவேளை ஊசி இல்லைதான்.

ஞானக்காவைக் கூப்பிட்டாள். ஞானாம்பிகை டிஸ்பென்சரியில் மருந்து கட்டிக் கொடுக்கிறவள், நோயாளிகளின் வரிசையை அதட்டுகிறவள், உதயகலாவைவிட வயதிலும் குரலிலும் பெரியவள். நேற்றுத் தேவாரம் முடிந்ததும் விருந்தாட்கள் வருகிறார்கள் என்று உதயகலா வீட்டுக்கு ஓடிவிட்டாள். கடைசிவரை நின்றது ஞானக்காவும் அவள் ஐயா என்று அழைக்கிற செந்தூரனும் மட்டும். "ஞானக்கா, நேற்று உந்த பிரிட்ஜை ஆரும் நிப்பாட்டினதோ?" ஞானக்கா கையிலிருந்த குளிசைப் போத்தலின் மூடியைத் திருகியபடியே நின்றாள், ஏற்கெனவே இறுகியிருந்த மூடி. "நான் நேற்றுத் தொட்டது வடையும் சுண்டலும்தான் டொக்டர். பிரிட்ஜுக்கு நான் கிட்டவும் போகேல்லை." "அப்ப பொட்டு?" "அது ஐயா வைச்சவர்." "சுவிச்சு?" "அது இப்ப நல்லாத்தானே குளிருது. கையை வைச்சுப் பாருங்கோ. மற்றதை ஐயாவைக் கேளுங்கோ." இப்ப குளிருது. இப்ப என்று ஏன் சொன்னாள்? காலையில் கதவைத் திறந்தவள் இவள்தான், நின்றிருந்த பெட்டியைக் கண்டு பதறிப்போய்ச் சுவிச்சைப் போட்டுவிட்டு, உருகி வழிந்ததைத் துடைத்துவிட்டு, முழுக்கத் துடைக்க நேரமில்லாமல்... அல்லது நான்தான் வெறும் ஈரத்திலிருந்து ஒரு கதை கட்டுகிறேனா? ஞானக்கா பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் ஐயாவுக்காகச் சொல்வாள், ஐயாவுக்கும் டொக்டருக்கும் சண்டை வரக்கூடாது என்பதற்காக எதையும் சொல்வாள்.

செந்தூரனுக்குப் போன் எடுத்தாள். அவன் மில்லில் நின்றான், பின்னால் மிளகாய் அரைபடுகிற சத்தம், அந்த மெசினுக்கும் நேற்றுப் பொட்டு வைத்திருப்பான், மாலை போட்டிருப்பான், மெயின் சுவிச்சை இறக்கிவிட்டு இனி நாளைக்குத்தான் தொடவேணும் என்று வேலையாட்களைக் கலைத்திருப்பான், கல்யாணமான வருசத்திலிருந்து பார்க்கிறாளே, அவனுக்கு அது பக்தி மட்டுமில்லை, மெசின்மேல் ஒரு பாசம், அது எனக்காக உழைக்குது எண்டு தட்டிக்கொடுப்பான். அந்தக் கையோடுதான் நேராக இங்கே வந்தான். "இஞ்சரப்பா, நேற்றுப் பூசை முடிய பிரிட்ஜை நிப்பாட்டினனீங்களோ?" மெசின் சத்தம். பிறகு, "எந்த பிரிட்ஜை?" டிஸ்பென்சரியில் எத்தனை பிரிட்ஜ் இருக்கிறது? "மருந்து பிரிட்ஜ்." "சீ, அதை ஏன் நான்... ஞானக்காவைக் கேளுமன்." கொஞ்சம் பொறுத்து, குரலை மெதுவாக்கி, "நீர் காலமை சாப்பிட்டனீரோ?" மருத்துவக் கடைசிச் சோதனை எழுதிக்கொண்டிருந்தபோது ஊரில் அப்பா விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார், சோதனை முடியும்வரை அதை அவளுக்கு மறைத்தவன் இவன், அப்போது இவன் அவளுக்கு வெறும் சிநேகிதன்தான், ஒவ்வொரு நாளும் போன் எடுத்துச் சாப்பிட்டீரோ சாப்பிட்டீரோ என்று கேட்டான். அந்தப் பொய்க்காகத்தான் இவனைக் கட்டினாள் என்றுகூடச் சொல்லலாம். இப்போது அதே குரல். தெரிந்தால் பயப்படுவாள், மருந்தெல்லாம் வீணென்று அழுவாள், குளிர்கிறதுதானே, விட்டுவிடுவோம்... இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் காப்பாற்றுகிறார்களா? அன்பினாலா? அந்த அன்புக்கு இந்தப் பிள்ளையின் தொடையா கிடைத்தது? "பிரச்சினை ஒண்டுமில்லைதானே?" என்று அவன் கேட்டான். பிறகு கதைக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

குப்பியை மற்றவைகளோடு பெட்டிக்குள் திரும்ப வைத்து, எடுக்க வேண்டாம் என்று ஒரு துண்டில் எழுதிக் கதவில் ஒட்டினாள், குங்குமத்துக்குச் சற்றுக் கீழே. வெளியே வந்தபோது பிள்ளை தாயின் தாலிக்கொடியைச் சப்பிக்கொண்டிருந்தது, ஊசிக்கு வசதியாகக் கால்சட்டை ஏற்கெனவே கழற்றியிருந்தது. சொல்லிவிடுவதுதான் நல்லது, சுற்றி வளைத்தால் எனக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம். "கஜந்தினி, இரவு எங்கடை பிரிட்ஜ் நிண்டிருக்குமோ எண்டு எனக்கொரு சந்தேகம். இந்த மருந்தைப் பிள்ளைக்குப் போட எனக்கு மனமில்லை. சுன்னாகத்திலை டொக்டர் தேவராசாட்டை மருந்திருக்கும், நான் கேட்டுப்போட்டு என்ரை காரிலையே கூட்டிக்கொண்டு போறன். இண்டைக்கே போடுவம். இதே நல்ல நாளிலை." கஜந்தினி அவளை நிமிர்ந்து பார்த்தாள், இதுவரை ஒருநாளும் பார்க்காத ஒரு பார்வை, பிள்ளையைத் தன் பக்கம் ஒருதரம் இழுத்துக்கொண்டாள். அந்தப் பார்வை எனக்கு வேண்டியதுதான், உதயகலா நினைத்தாள். போனில் கேட்டபோது நல்லவேளையாக அங்கே மருந்து இருந்தது. ஞானக்கா கார்த் திறப்பைக் கொண்டுவந்து தந்தாள், டொக்டரின் முகத்தைப் பார்க்காமல் தந்தாள்.

பின்சீட்டில் ஏறும்போதுதான் கஜந்தினிக்குக் கொஞ்சம் மனம் இளகியது போல, வழக்கம்போலக் கதைக்கத் தொடங்கினாள். "இவர் இஞ்சை வர விட்டதே என்ரை மச்சாள் சொல்லித்தான் டொக்டர். அவ போன விசயதசமிக்கு உங்களிட்டைத்தானே தன்ரை மகளுக்குப் போட்டவ. உங்களுக்கு ஞாபகமிருக்கோ தெரியாது. நல்ல நாளிலை போட்டபடியாத்தான் காய்ச்சல்கூட வரேல்லையாம் எண்டு எங்கடை பக்கத்திலை எல்லாருக்கும் சொல்லுறவ." உதயகலா திறப்பைத் திருகினாள், இன்ஜின் பிடித்தது. ஞாபகம் இருக்கிறது. போன விஜயதசமி மட்டுமா, அதற்கு முந்தினதும், வாசலில் கூட்டம் நின்ற காலைகள், ஊசியென்றால் ஓடுகிற தாய்மார் எல்லோரும் தேடிப்பிடித்து வருகிற நாள் இதுதான் என்று எவ்வளவு பெருமைப்பட்டாள். காய்ச்சல் வராத பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், நல்ல மருந்துக்கும் வராமல் இருக்கலாம், புத்தகத்தில் அப்படித்தான்... ஆனால் போன வருசமும் பெட்டியின் கதவில் சந்தனம் இருந்ததா? இருந்ததென்றுதான் நினைக்கிறாள். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "மச்சாள் எங்கை இருக்கிறா, கஜந்தினி?" என்று கேட்டாள். "பக்கத்து வளவுதான் டொக்டர். அந்தச் சின்னமுத்து வந்த வீட்டுக்குப் பின்பக்கம். ஏன்?"