இளஞ்சிவப்புக் கைகள்

"காதைத் திருப்பிக் காட்டு," என்றாள் எர்சிலியா.

தெயானிரா அசையவில்லை. பிள்ளை பெற்று ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. மாமியாரே குனிந்து, அவள் மடியில் கிடந்த குழந்தையின் காது மடலை விரல் நுனியால் மடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். குழந்தை பார்க்க வந்த பெண்கள் இஞ்சி தட்டிப் போட்ட சாக்லேட் பானத்தைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். சாந்தியாகோ நகரத்தின் அந்தத் தெருவில் பிறக்கும் எந்தக் குழந்தைக்கும் இதுதான் முதல் பரீட்சை. பிறந்தபோது இருக்கும் நிறம் கணக்கில் வராது. காது மடலின் விளிம்பும் நகத்தின் அடியும் எந்த நிறமோ, பிள்ளை வளர்ந்து நிற்கப்போகும் நிறம் அது.

"கறுக்கும்," என்றாள் அடுத்த வீட்டு நிகோலாசா. "காபியில பால் ஊத்த மறந்துட்டாங்க போல."

"வாயைக் கழுவிட்டு வா, போ. எங்க பக்கம் பால் ஊத்தித்தான் அனுப்பினோம். டம்ளர்தான் அப்படி," என்றாள் எர்சிலியா.

பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. வாசல் நிலையில் சாய்ந்திருந்த மகனைப் பார்த்தாள்.

"நாலு தலைமுறையா கொஞ்சம் கொஞ்சமாத் தெளிய வச்சோம், எவரிஸ்தோ. நீ ஒரே ராத்திரியில கலக்கிவிட்டுட்டே."

எவரிஸ்தோ கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெயானிராவுக்குக் கோபம் வரவில்லை. இந்த மாதிரி நேரங்களில் தெருவில் மின்சாரம் போவதுபோல அவளுக்குள் ஏதோ ஒன்று அணைந்துவிடும். பள்ளிக்கூட நாளிலிருந்து அப்படித்தான். யாரும் அணைக்க வேண்டியதில்லை. அதுவே போய்விடும், பிறகு எப்போதாவது வரும்.

பேறுகால விடுப்பு முடிந்து, பிள்ளைக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது அவள் வேலைக்குத் திரும்பினாள். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் முகப்பூச்சுகளைச் சோதிப்பது அவள் வேலை. சந்தையிலிருந்தும் அழகு நிலையங்களிலிருந்தும் சின்னச் சின்ன டப்பாக்கள் வந்துகொண்டே இருக்கும். துளைபோடும் இயந்திரத்தைப்போல இருக்கும் ஒரு கருவியை டப்பாவின்மேல் பொருத்திப் பிடித்தால், பூச்சில் எவ்வளவு பாதரசம் இருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். தோல் தன் நிறத்தை உண்டாக்கும் வேலையைப் பாதரசம் நிறுத்திவிடுகிறது. அதனால்தான் முகம் வெளுக்கிறது. பிறகு அது உள்ளே இறங்கிச் சிறுநீரகத்திலும் நரம்பிலும் தங்குகிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குமேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் பெரால்தா இதைக் கூட்டங்களில் விளக்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று படங்களை மாற்றுகிறவள் தெயானிராதான்.

பகலில் குழந்தை அமரிலிஸ் மாமியாரிடம் இருந்தாள். ஐந்தாம் மாதம் ஒரு மாலை, தெயானிரா படியேறும்போதே உள்ளிருந்து குரல் வந்தது.

"வாடி, வந்து பாரு உன் மகளை! கையைப் பாரு, காலைப் பாரு. ரோஜாப்பூ மாதிரி!"

உள்ளங்கைகளும் பாதங்களும் இளஞ்சிவப்பாக இருந்தன. விரல் நுனிவரை. எர்சிலியா வேலியோரம் போய் நிகோலாசாவையும் கூப்பிட்டாள். "பால் ஊத்தலைன்னியே, இப்ப சொல்லுடி!"

தெயானிரா அந்தச் சின்னக் கையைத் தன் கையில் வைத்துப் பார்த்தாள். மகிழ்ச்சியாக இருந்தது. ஒரு கணம்தான். அந்தக் கணத்தைப் பின்னால் அவள் எத்தனையோ முறை எடுத்துப் பார்த்தாள். அது ஒவ்வொரு முறையும் அப்படியேதான் இருந்தது.

அதன்பிறகு குழந்தை தூங்கவில்லை. உடம்பெல்லாம் வியர்த்தது. உள்ளங்கைத் தோல் உரிந்தது. வெளிச்சம் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. சுகாதார நிலையத்தில் சூடு என்றார்கள். மறுமுறை ஒவ்வாமை என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அழும் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தபோது தெயானிராவின் உதட்டில் வழவழவென்று ஏதோ பட்டது. காது மடல். மல்லிகை வாசனை.

"அத்தை, இவ காதுல என்ன?"

"எண்ணெய்."

எர்சிலியாவின் துணி அடுக்கின் அடியில் ஒரு டப்பா இருந்தது. பெயர் ஒட்டாத வெள்ளை டப்பா. தெயானிரா அதைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மறுநாள் ஆய்வுக்கூடத்தில் அதன்மேல் கருவியைப் பொருத்திப் பிடித்தாள். சட்டம் ஒரு பங்கை அனுமதித்த இடத்தில் பதினெட்டாயிரம் பங்கு பாதரசம் இருந்தது.

பெரால்தா எட்டிப் பார்த்தார். "அடேயப்பா. எந்தக் கடையில எடுத்தம்மா இதை?"

"எங்க வீட்டுல, டாக்டர்."

அவர் கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கை கால் சிவந்ததே பாதரச நஞ்சின் அடையாளம் என்றார்கள் மருத்துவமனையில். நடைபாதையில் எர்சிலியா பையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"முப்பது வருஷமா நான் பூசறேன். செத்தா போயிட்டேன்?"

"உங்க கை நடுங்குது, அத்தை."

"வயசானா நடுங்காதா?" கையைப் பைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். "முதல்ல காதுக்கு மட்டும்தான்டி வச்சேன். விளிம்புல. பலன் தெரிஞ்சுது. அப்புறம்தான் கழுத்து, கை..." பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "பள்ளிக்கூடத்துல அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவாங்கன்னு உனக்குத் தெரியாதா? உன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டாங்க?"

தெயானிராவுக்குத் தெரியும். எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதரசத்தை வெளியேற்றும் மருந்து ஏழு வாரம் கொடுத்தார்கள். குழந்தை மெல்லத் தூங்கத் தொடங்கியது. பால் குடித்தது. ஒரு நாள் ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்தது. எர்சிலியா பேத்தியின் பாதத்தைக் கையில் ஏந்தி, உரிந்த தோலுக்கு அடியிலிருந்து பழுப்பு ஏறிவருவதைப் பார்த்தாள்.

"எல்லாம் போச்சு," என்றாள்.

ஊசி போட வந்த செவிலி பதறிப்போனாள். "என்னம்மா போச்சு? பிள்ளை நல்லாத்தானே இருக்கு!"

வீட்டுக்கு அனுப்பும் நாளில் பெரால்தாவின் ஆராய்ச்சிப் படிவம் வந்தது. மற்றவர்களுக்காக இருநூறுக்குமேல் அந்தப் படிவத்தை நிரப்பியவள் தெயானிரா. எந்த நோய்க்காகப் பூச்சு தடவப்பட்டது என்று ஒரு கேள்வி உண்டு. மங்கு என்பார்கள், பரு என்பார்கள், வெயில் தழும்பு என்பார்கள். சொன்னதை அப்படியே எழுதிக்கொள்வாள். ஒருத்தியிடமும் மறுத்துக் கேட்டதில்லை.

"வேர்க்குருன்னு போடு," என்று காதோரம் சொன்னாள் எர்சிலியா. "நாலு பேர் படிப்பாங்க."

"போட்டுடேன், தெயா. அதுல என்ன இப்போ?" என்றான் எவரிஸ்தோ.

தெயானிரா எழுதினாள்: நோய் எதுவும் இல்லை. குழந்தை கறுப்பாகப் பிறந்தாள்.

அடுத்த கேள்வி, நிறம் மாறியதைப் பார்த்தும் உடனே சிகிச்சைக்குக் கொண்டுவராமல் இருந்தவர்கள் யார் என்பது. மாமியாரின் பெயரை எழுதினாள். கணவனின் பெயரை எழுதினாள். பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் மூன்றாவதாகத் தன் பெயரையும் எழுதினாள்.

"உன் பேரு எதுக்குடி?"

அவள் படிவத்தை மடிக்காமல், போகிற வருகிற எல்லோர் கண்ணிலும் படும்படி, செவிலியின் மேசைமேல் விரித்து வைத்தாள்.