நாலு பேர் நாக்கு

இரண்டு கையிலும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு மயூரா படியில் தடதடவென்று இறங்கினாள். மேலே, வாடகைச் சமையலறையில், இரண்டு டப்பா மசாலா விழுது; ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி அள்ளியிருந்தாள். ஃப்ரிட்ஜ் ஈரத்தில் ஸ்டிக்கர் இரண்டும் கழன்றுவிட்டன. ஒன்றில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. எதில்?

இயர்ஃபோனில் அசோக். மதுரையிலிருந்து சிங்கப்பூர் வந்தவன், தொழிலில் கூட்டாளி.

"அக்கா, யாமினி மேடமும் நானும் தேக்கா ஸ்டேஷன்ல இறங்கியாச்சு. வாயில வச்சா தெரிஞ்சிடப் போகுது, இதுக்குப் போய் ஓடுறீங்களே!"

"நாலு பேர் நாக்கக் கேக்காம நான் எதையும் முடிவு பண்றதில்ல."

"உங்க ரூல்ஸ் தாங்க முடியல லா!"

கீழே ஆட்டிறைச்சிக் கடை ஹனீபா இடதுகைக் கரண்டியை நக்கியதும் முகத்தைச் சுளித்தார். "என்னம்மா இது, கடல்ல முக்கி எடுத்தியா?"

அந்த டப்பா குப்பைக்குப் போனது.

சூப்பர்மார்க்கெட்டிலிருந்து வரும் யாமினி சரி என்றால் நாற்பது கடை. இல்லையென்றால் மாதக் கடைசியில் சமையலறையைக் காலி செய்ய வேண்டும். இதற்காகத்தான் மயூரா ஆபீஸ் வேலையை விட்டாள். வறுத்து அரைத்த யாழ்ப்பாணத் தூள் அவள் வீட்டுடையது. மற்றதெல்லாம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது. ஹனீபா சோம்பைக் கூட்டச் சொன்னார், அசோக் பூண்டை. பழக்கடை மெய் லிங் காரத்தில் தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமியதால் பனைவெல்லம் வந்தது. தையல்கடை ரொக்கையாவால் எலுமிச்சை மணக்கும் செராய்ப்புல். ஒவ்வொருவர் சொன்னதையும் நோட்டில் அப்படியே எழுதிவைப்பாள். நல்லது சொன்னால் சிரிப்பில்லை, திட்டினால் வருத்தமில்லை. எல்லாம் வேறு யாருக்கோ நடப்பது போலிருக்கும்.

மேலே வந்த யாமினி, மிச்ச டப்பா விழுதில் கொதித்த குழம்பில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டாள். அசோக் நகத்தைக் கடித்தான்.

"எங்க வீட்டுக் குழம்பு மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. ஒரே வீட்டுக்குள்ள உக்காந்து இதப் பண்ணிருக்க முடியாது. நாப்பது கடையிலயும் வச்சிடலாம்." ஃபோனைத் தூக்கிப் பிடித்தாள். "விளம்பரத்துக்குச் சின்ன வீடியோ. நீங்களே சாப்பிட்டு, எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

மயூரா கரண்டியை வாயில் வைத்தாள். விழுங்கினாள்.

"முதல்ல பூண்டு. பின்னாலேயே வெல்லம் வந்து தடவிக் குடுக்கும். கடைசியில செராய் வாசம் மூக்குல நிக்கும்."

அசோக்கின் சொல், மெய் லிங்கின் சொல், ரொக்கையாவின் சொல். நோட்டில் இருந்த அதே வரிசை.

"பர்ஃபெக்ட்!" என்றாள் யாமினி. அசோக் கை தட்டினான்.

மயூரா கரண்டியைக் கழுவ நகர்ந்தாள். உதடு எரிந்தது, நாக்கு சுட்டது. இரண்டு வருடத்துக்கு முந்தைய காய்ச்சலுக்குப் பிறகு அந்த நாக்குக்குத் தெரிவது அவ்வளவுதான்.