வண்டி மட்டும்தான்

மாவு புளிப்பதற்குள் கார் செத்துவிடுகிறது. சாவித்திரியின் கஷ்டத்தை ஒரே வரியில் சொல்வதென்றால் அவ்வளவுதான். ஆனால் அவள் எதை ஒரே வரியில் சொல்லியிருக்கிறாள்? ஒரத்தநாட்டுக் கடைத்தெருவில் யார் விசாரித்தாலும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

விடிந்தும் விடியாமலும் இட்லி மாவுத் தூக்குகளைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு ஊரிலிருந்து கடைத்தெருவுக்குக் கிளம்பினாளாம். அது கரண்டு கார். ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு, கட்டம் எல்லாம் பச்சையாக இருந்தது. புது ஆற்றுப் பாலம் ஏறும்போது பாதி, இறங்கும்போது கால், புளியமரத்து வளைவில் ஒன்றுமே இல்லை. டிராக்டரில் கட்டி இழுத்து வருவதற்குள் வெயில் ஏறி, மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு சீட்டெல்லாம் வழிந்துவிட்டது. "ஏன்க்கா, கார்லயே இட்லி ஊத்துறியா?" என்று டிராக்டர்காரன் கேட்டானே, அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

கிண்டல் போகட்டும். திங்கட்கிழமை கல்லூரி திறக்கிறது. விடுதிக்கு இந்த வருஷம் முழுக்க மாவு போடும் வேலையை, பாக்கெட் மாவுக் கம்பெனிக்காரனோடு மல்லுக்கட்டி வாங்கி வைத்திருந்தாள். விடுதி வார்டன் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார்: காலை மாவு நேரத்துக்கு வராவிட்டால் மறுநாளிலிருந்து பாக்கெட்தான். ஐம்பது வயதுக்கு மேல் காரோட்டக் கற்று, நாலு பேர் சிரிக்கச் சிரிக்க வேலியில் இடித்துப் பழகி, தனக்கென்று பிடித்த பிழைப்பு அது. அது பேட்டரியோடு போய்விடக்கூடாது என்று கார்க் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

தஞ்சாவூரிலிருந்து கம்பெனி மெக்கானிக் கலந்தர் மோட்டார் சைக்கிளில் வந்தான். வண்டியில் ஒரு ஒயரைச் செருகி, லேப்டாப்பைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"பேட்டரி போச்சுக்கா. மொத்தமா மாத்தணும். பழைய வண்டி வாங்குனாலும் உங்களுக்கு யோகம், வாரண்டி இன்னும் இருக்கு. கம்பெனியே சும்மா மாத்திக் குடுக்கும்."

"மாரியாத்தா!" என்று சாவித்திரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு. வண்டி கைமாறினத மொதல் ஓனர் கம்பெனிக்குச் சொல்லவே இல்ல. வாரண்டி இன்னும் அவரு பேர்லயே நிக்குது. அவரே அவரு போன்லேருந்து பேசி, வண்டி இப்ப உங்ககிட்ட இருக்குன்னு வாயால சொல்லணும். சொன்னா, ரெண்டு நாள்ல பேட்டரி வந்துடும்."

"இவ்வளவுதானே? மெட்ராஸ் வண்டின்னுதான் புரோக்கர் சொன்னாரு. அந்தப் புண்ணியவான் யாரு?"

கலந்தர் திரையைப் பார்த்துப் படித்தான். "இளையபெருமாள். அட, ஒரத்தநாடுதான்! மகன் மெட்ராஸ்ல ஓட்டியிருக்காரு, பதிவு அப்பா பேர்ல."

சாவித்திரி அப்படியே வண்டியின் மேல் சாய்ந்துகொண்டாள்.

இந்த உலகத்தில் எத்தனையோ இளையபெருமாள் இருக்கலாம். ஒரத்தநாட்டில் ஒருவர்தான். சாவித்திரியின் புருஷன் வைரக்கண்ணு முப்பது வருஷமாக உழுகிற நிலத்துக்குப் பட்டாதாரர். எழுத்து எதுவும் இல்லாத வாய்வார்த்தைக் குத்தகை. ஒழுங்காக நெல் அளந்து, ஒழுங்காகப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். நிலத்தை விற்கப் போகிறார் என்று ஒரு பேச்சு கிளம்பியதும், "நிலம் என் அனுபவத்தில் இருக்கிறது, குத்தகைதாரராக என் பெயரைப் பதிய வேண்டும்" என்று வைரக்கண்ணு தாசில்தாரிடம் மனுப் போட்டார். "மேற்படியார் என்னிடம் கூலிக்கு வந்து போனவர். நிலம் என் அனுபவத்திலேயே இருக்கிறது" என்று இளையபெருமாள் பதில் போட்டார்.

ஊரில் எல்லோருக்கும் அனுபவம் என்றால் பட்டுத் தெரிந்துகொள்வது. இவர்கள் இரண்டு பேருக்கும் அது ஒன்றே ஒன்றுதான்: நிலம் யார் கையில் இருக்கிறது, யார் உழுது யார் அறுக்கிறார். அந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு பேரும் வாய்தா வாய்தாவாக நடந்தார்கள். ஆட்சி மாறியது. உதயசூரியன் வந்தது, இரட்டை இலை வந்தது, மறுபடி சூரியன் வந்தது. தாசில்தார்கள் வந்தார்கள், போனார்கள். தாவா மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. வைரக்கண்ணுவின் பெயர் ஏறாவிட்டால், ஒருநாள் வேறு யாராவது வந்து வரப்பைவிட்டு இறங்கு என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

விஷயத்தைக் கேட்டதும் வைரக்கண்ணு கையிலிருந்த மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டுச் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"அந்த மனுசன் வாயால நம்ம அனுபவத்துல இருக்குன்னு சொல்லணுமா? நடக்குற காரியமா புள்ள? அந்த வார்த்தைய அவரு கனவுலகூடச் சொல்ல மாட்டாரு."

"நெலத்தையா கேக்குறோம்? காரைத்தானேங்க."

"ஒரு ஓட்ட சைக்கிள்னாகூடச் சொல்ல மாட்டாரு. இன்னிக்கு கார்னு சொன்னா நாளைக்கு நெலம்னு ஆயிடும்னு வக்கீலு சொல்லி வச்சிருப்பாரு. என் வக்கீலும் எனக்கு அப்படித்தானே சொல்லி வச்சிருக்காரு."

"அப்ப என் பொழப்பு?"

வைரக்கண்ணு மண்வெட்டியை மறுபடி எடுத்துக்கொண்டு கிளம்பினார். நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டப் போனவர் பாதி வழியில் திரும்பி வந்து, சட்டை மாட்டிக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்தார். "நான் வாயத் தெறக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்" என்றார். சாவித்திரிக்கு அதுவே பெரிசு.

மறுபடி ஏற்றிய சார்ஜ் வழியில் தீர்ந்துவிடாமலிருக்க ஏசி போடவில்லை, பாட்டுப் போடவில்லை, ஹாரன்கூட அடிக்காமல் கட்டை வண்டி வேகத்தில் ஓட்டினாள். மாவுக் கறை வாடையில் வைரக்கண்ணு மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார். புளியமரத்து வளைவைத் தாண்டியதும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைத்தெருவும் தாண்டியது. இளையபெருமாள் வீட்டு இரும்புக் கேட் திறந்திருந்தது. ஓரமாக நிறுத்தலாம் என்று ஸ்டியரிங்கை ஒடித்தாள். வண்டி கேட்டுக்கு நேர் குறுக்கே போய், பேச்சு மூச்சில்லாமல் நின்றுவிட்டது.

"சோலி முடிஞ்சுது" என்றார் வாய் திறக்க மாட்டேன் என்றவர்.

வெளியே கிளம்பத் தயாராக வெள்ளை வேட்டியும் மடித்த துண்டுமாக வந்த இளையபெருமாள், வாசலை அடைத்துக்கொண்டு நின்ற காரைப் பார்த்தார். காருக்குள் இருந்த வைரக்கண்ணுவைப் பார்த்தார். மறியல் பண்ண வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார்.

"எதா இருந்தாலும் தாலுகா ஆபீஸ்ல பேசிக்கலாம். வண்டிய எடு சாவித்திரி. நான் கல்யாணத்துக்குப் போவணும்."

"வண்டி வந்தா எடுக்க மாட்டனாங்கய்யா?" என்று ஆரம்பித்து, சாவித்திரி முதலிலிருந்து சொன்னாள். மாவு, பாலம், புளியமரம், டிராக்டர்காரன், கலந்தர், வாரண்டி. அவர் மனைவி பிரகதாம்பாள் பட்டுப்புடவையோடு பின்னால் வந்து நின்று, டிராக்டர்காரன் இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இளையபெருமாள் சிரிக்கவில்லை.

"நான் எதுவும் சொல்ல முடியாது. போன்ல பேசுறத எல்லாம் பதிவு பண்ணுவான். உங்க வீட்டுக்காரு எதுக்கு வந்து உக்காந்திருக்காருன்னு எனக்குத் தெரியாதா?"

வைரக்கண்ணு கண்ணாடி வழியாக எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிங்கய்யா. அப்ப வண்டி எங்க அனுபவத்துல இல்ல?"

"நான் அப்படிச் சொல்லல."

"அப்படின்னும் சொல்ல மாட்டீங்க, இப்படின்னும் சொல்ல மாட்டீங்க. கம்பெனிக் கணக்குல உங்க பேரு. நிக்குறது உங்க வாசல்ல. அப்ப உங்க அனுபவம்தானேங்க?" சாவித்திரி சாவியை எடுத்துக் கேட்டின் கொண்டியில் தொங்கவிட்டாள். "போன மாசம் முத்துப்பேட்டைக்காரரு ஆட்ட இடிச்சுட்டேன். பஞ்சாயத்து இன்னும் முடியல. கோயில் மதிலு வேற கொஞ்சம் பேந்துருக்கு. யாரு அனுபவமோ அவங்கதானே பதில் சொல்லணும்? வாங்க, நம்ம பஸ்ல போவலாம்."

இளையபெருமாளுக்கு வேர்த்துவிட்டது. ஒரு தாவாவுக்கே நாக்குத் தள்ளுகிறது, இதில் ஆடு வேறா?

"கல்யாணத்துல தாலியே கட்டிடுவாங்க. அந்தப் போனத்தான் போட்டுத் தொலைங்களேன்" என்றாள் பிரகதாம்பாள்.

போட்டார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் போட்டார். தரத்திற்காக இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று ஒரு குரல் சொன்னது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு ஒரு பெண் வந்தாள். பெயர், வண்டி நம்பர் எல்லாம் சரிபார்த்துவிட்டு, எழுதி வைத்ததைப் படிப்பது போலக் கேட்டாள்:

"வாகனம் தற்போது யாருடைய அனுபவத்தில் உள்ளது சார்?"

மெட்ராஸில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு இந்த வார்த்தையை யார் எழுதிக் கொடுத்தார்களோ தெரியாது. காருக்குள் வைரக்கண்ணு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வண்டி... இங்கதான் நிக்குது."

"யாருடைய அனுபவத்தில் சார்?"

"அவங்க வச்சிருக்காங்க."

"எவங்க சார்? அனுபவத்தில் இருக்குன்னு நீங்க சொன்னாத்தான் நான் பதிய முடியும்."

இளையபெருமாள் மனைவியைப் பார்த்தார். கொண்டியில் ஆடுகிற சாவியைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, "வைரக்கண்ணு சம்சாரம் சாவித்திரி அனுபவத்துல இருக்கு" என்றார். சொல்லிவிட்டு, வக்கீல் பக்கத்தில் நிற்பது போல அவசரமாகச் சேர்த்தார்: "வண்டி மட்டும்தான். நல்லா எழுதிக்கம்மா, வண்டி மட்டும்தான். நெலம் இல்ல."

"எந்த நிலம் சார்?"

"அதாம்மா, அவரு முப்பது வருசமா உழுதுக்கிட்டு இருக்காரே, அந்த நெலம்!"

பிரகதாம்பாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். போனில் அந்தப் பெண் மட்டும், "சரிங்க சார், குறிச்சுக்கிட்டேன்" என்று அந்த அழைப்புக்கான பதிவு நம்பர் ஒன்றைச் சொல்லி நன்றி சொன்னாள். சாவித்திரி அந்த நம்பரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கதவைத் திறந்துகொண்டு வைரக்கண்ணு இறங்கினார். என்னவோ கத்தப் போகிறார் என்று சாவித்திரி பயந்தாள். அவர் காருக்குப் பின்னால் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ள ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற இளையபெருமாள் துண்டைப் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டு, அவரும் ஒரு கை வைத்தார். வண்டி ஓரமாக நகர்ந்தது.

சாவியைக் கழற்றிக் கொடுக்கும்போது இளையபெருமாள் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏம்மா, அந்தப் பேச்ச எத்தன நாளைக்கு வச்சிருப்பான்?"

அவளுக்கு எங்கே தெரியும்? ஆனாலும் சட்டென்று சொன்னாள்: "பேட்டரி வாரண்டி முடியுற வரைக்கும்ங்கய்யா."

சொன்னபடி பேட்டரி வந்தது. திங்கட்கிழமை விடுதியில் சாவித்திரியின் மாவில்தான் இட்லி. அந்தப் பேச்சை வாங்கித் தாசில்தாரிடம் போடு என்று ஊரில் பலர் வைரக்கண்ணுவுக்கு யோசனை சொன்னார்கள். அவர் மண்வெட்டியோடு வயலுக்குப் போய்விடுவார். சாவித்திரி நம்பரை மட்டும் மறக்காமல் வைத்திருந்தாள்.

அடுத்த வாய்தாவுக்குக் கரண்டு காரில்தான் போனார்கள். தாசில்தார் வழக்கமான கேள்வியை வழக்கமான குரலில் கேட்டார்: "நிலம் யார் அனுபவத்துல இருக்கு?" இளையபெருமாளின் வக்கீல் எழுந்தார். இளையபெருமாள் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஜன்னல் வழியே வேப்பமரத்தடியில் நின்ற காரை ஒருதரம் பார்த்தார்.

"அவரு அனுபவத்துலதாங்க இருக்கு. ரொம்ப நாளா" என்றார்.

வைரக்கண்ணு எத்தனையோ வருஷமாக அந்த வார்த்தைக்குப் பதில் சொல்லத் தயாராக இருந்தவர். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தாசில்தார் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சாவித்திரிக்கும் கண் நிறைந்துவிட்டது. கொஞ்ச நேரம் அவரை அழவிட்டாள். பிறகு முழங்கையால் மெல்ல இடித்தாள்.

"கையெழுத்தப் போட்டுட்டு வாங்க. பின்சீட்டுல மாவு இருக்கு, பொங்கிடும்."