ஆறுச்சாமியின் ஐந்தாவது ஆடு

நாச்சிமுத்துவுக்கு முதலில் அநியாயம் செய்தவன் அவருடைய கூடப்பிறந்த தம்பி ஆறுச்சாமி. செத்த பிறகு அவன், தான் வளர்த்த ஐந்து செம்மறிகளாகப் பிரிந்து, பவானிசாகர் பக்கம் தன் அரை ஏக்கர் தோட்டத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தான். அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அப்படித்தான்.

அநியாயம் இதுதான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா போய்ச் சேர்ந்தாள். அவிநாசியிலிருந்து நாச்சிமுத்து ஏறிவந்த பஸ் புளியம்பட்டியில் பஞ்சர். தம்பி நாலு மணிக்குப் பிணத்தை எடுத்துவிட்டான். நாலரைக்கு வந்தவர் புகையைத்தான் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. அதற்காகத் தம்பியிடமிருந்து ஒரு வார்த்தை வரவேண்டியிருந்தது. அவன் சாகும்வரை வரவில்லை.

ஆடுகளிடம் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் முதலில் பழக வேண்டும் என்று தம்பி மனைவி சரசாள் சொல்லி அனுப்பினாள். செவ்வாய்தோறும் ஒரு கட்டு அகத்திக்கீரையோடு அவர் பஸ் ஏறினார்.

உயிரோடு இருந்தபோது ஆறுச்சாமி அந்த ஆடுகளை விற்கவோ வெட்டவோ வளர்க்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்க வளர்த்தான். முதல் ஆட்டிடம் அவனுடைய இருமல் இருந்தது. இரண்டாவது, வேலி திரும்பும் இடத்திலெல்லாம் நின்று, தலையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பும். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவனின் பழக்கம். மூன்றாவது, கஞ்சியை முகர்ந்துவிட்டுச் சரசாளை நிமிர்ந்து பார்க்கும். அவள் உப்புப் போட்டுவிட்டுப் போவாள்.

நான்காவது கருமுகம். அண்ணன் சமாச்சாரமெல்லாம் அதற்குள்தான் என்றாள். அது அகத்தியைத் தின்னும், ஆளை மட்டும் பார்க்காது. ஒன்பது வாரம் எதிரே உட்கார்ந்து பார்த்தார். பத்தாவது வாரம் அவருக்கும் ரோசம் வந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். கருமுகம் எழுந்து வந்து, அவர் முதுகில் தன் முதுகைச் சாய்த்துப் படுத்தது. பத்தொன்பது வருஷமாக இருவரும் இருந்த இருப்புத்தான் அது. ஆனால் இவ்வளவு கதகதப்பாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

அவர் கேட்டார்.

"வெயில் சாஞ்சிருச்சுன்னு எல்லாரும் அவசரப்படுத்துனாங்கண்ணா" என்றது கருமுகம். "நானும் ரோட்டு முக்குலயேதான் நின்னேன்."

அதற்குமேல் அசைபோட ஆரம்பித்துவிட்டது. நாச்சிமுத்து எழுந்து போய், ஒரு வார்த்தை குறைகிறதே என்றார். சரசாள் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அது ஐந்தாவது ஆட்டிடம், அந்தக் குட்டியிடம் இருக்கிறது, சொல்ல மறந்தே போனேன் என்றாள்.

"செவ்வாக்கெழம ஆனா அது உங்கூருக்குத்தானுங்க மாமா பஸ் ஏறுது. உங்க வாசல்ல நாலு மணி வரைக்கும் நின்னுட்டு வந்துருது. ஒரே ஒரு வாரம் ஊட்டுலயே இருந்து பாருங்களேன்."

"அன்னைக்கு அவன் நிக்கல. இன்னைக்கு நா எதுக்கு அம்மிணி அவனுக்காக நிக்கோணும்?"

கருமுகம் அசைபோடுவதை நிறுத்தியது. பிறகு தொடர்ந்தது.

சொன்னாரே தவிர, வழக்கமாக இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர் அன்று மத்தியானமே பஸ் ஏறினார். பஸ் புளியம்பட்டியில் பஞ்சர். வீடு சேரும்போது நாலரை.

வாசலில் புழுக்கை கிடந்தது. செவ்வாய்தோறும் கிடப்பதுதான். யார் வீட்டு ஆடோ என்று வைதுகொண்டே கூட்டித் தள்ளுவார். இன்று குனிந்து தொட்டுப் பார்த்தார். சூடு ஆறவில்லை.

பக்கத்து வீட்டு டெய்லர் ஜமாலோடு அவருக்கு ஆறு வருஷமாகப் பேச்சில்லை. ஜமால் மெஷினை நிறுத்தாமல், தைக்கிற துணியிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"எப்பவும் குட்டி மட்டுந்தான் வரும். இன்னைக்கு ஒரு கெழட்டு ஆட்டையும் கூட்டிட்டு வந்துச்சு. பெரிய மவன் தன் மொகத்தப் பாக்கலைன்னு, காட்டிட்டுப் போக வந்துச்சாம்."

ஆறு வருஷம் கழித்து நாச்சிமுத்து வாய் திறந்தார்.

"எப்பப் போச்சு?"

"நாலு மணிக்கு."

புழுக்கையில் சின்னதும் பெரியதும் கலந்து கிடந்தன. நாச்சிமுத்து வாசலில் உட்கார்ந்து இருட்டும்வரை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பெரியதைத் துண்டில் முடிந்து சாமி படத்துக்குக் கீழே வைத்தார். சின்னதைக் கூட்டித் தள்ளினார். அவனிடமிருந்து வரவேண்டியது இன்னும் வரவில்லை.