அடைப்புக்குறிக்குள் போன சேதி

1

இது கட்டுரையாகப் பிறந்த கதை. வருமான வரிக் கணக்கைக் காசில்லாமல் தாக்கல் செய்ய வழி இருந்தும், அது ஏன் சனங்களின் கண்ணில் படுவதில்லை என்று எழுத உட்கார்ந்தேன். இரண்டு பத்திக்குள் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. அதனால் ரெபேக்காவைக் கூப்பிட்டேன். கோலார் தங்கச் சுரங்கத்துப் பாலகாட்டிலிருந்து தினமும் ரயிலேறி, பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றில் பில் போடப் போகிறவள்.

முதல் வரி: 'விடியுமுன் அந்த ரயில்…' வேண்டாம். இந்த ஊர்க் கதை எல்லாமே அந்த ரயிலில்தான் ஏறுகிறது.

2

ஜூலை ஞாயிறுகளில் ஆராதனை முடிந்ததும் சபை மண்டபத்தில் நேசமணி வரிக் கணக்குப் போட லேப்டாப்பைத் திறப்பார். வரிசையில் வருகிறவர்கள் பான் கார்டு, போன், கூலி மூன்றையும் அவர் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். டோக்கனைக் கொடுத்துவிட்டுச் சுரங்கத்தில் இறங்கிப் பழகிய ஊர். கொடுத்த பிறகு கேள்வி கேட்கும் வழக்கமில்லை. (வருமான வரித்துறையின் சொந்தத் தளத்தில் யாரும் இதை இலவசமாகச் செய்துகொள்ளலாம். கதைக்கு அவ்வளவு முக்கியமில்லை.)

ரெபேக்காவின் அடுத்த வீட்டு ஐடா ஆண்ட்டி மட்டும் வரிசைக்கு வருவதில்லை. "அந்தக் காசுக்கு ஒரு மாச மாத்திரை வாங்கிப்பேன்டி," என்பாள். அவளுடைய டெபாசிட் வட்டியில் வங்கி பிடித்த வரி, கணக்குக் காட்டினால் திரும்ப வரும்; கேட்பாரில்லாமல் அரசாங்கத்திடமே கிடக்கிறது.

3

ஆண்ட்டிக்காக ரெபேக்கா ரயிலில் தேடினாள். 'இலவசம்' என்று தட்டினால் வந்ததெல்லாம் விளம்பரம். ஒன்று கடைசிப் பக்கம் வரை கூட்டிப்போய்க் காசு கேட்டது. ஒயிட்ஃபீல்டு ஸ்டேஷன் நெருங்கும்போதுதான், எல்லாவற்றுக்கும் கீழே, அரசாங்கத் தளம் கிடைத்தது. முதலில் தன் கணக்கைத் திறந்து பார்ப்போமே என்று நுழைந்தாள். கடவுச்சொல் அவளிடம் ஏது? கணக்கைத் தொடங்கிக் கொடுத்ததே நேசமணிதான். மறந்துவிட்டதாகத் தட்டினாள். ஓடிபி அனுப்பியாச்சு என்றது. அவள் போனுக்கு எதுவும் வரவில்லை.

நேசமணிதான் கூப்பிட்டார். கணக்கில் அவர் பதிந்திருந்தது தன் நம்பரை.

"இன்னாம்மா ரெபேக்கா, உன் ஓடிபி எனக்கு வந்துகீது?"

"நான்தாண்ணா. அது ஃப்ரீயாமே?"



"ஃப்ரீதாம்மா. யாரும் கேக்கல, நானும் சொல்லல. சுரங்கக் கம்பெனி மூடினப்புறம் இதான் பொழப்பு, எம் பொண்ணு ஜூடித்து காலேஜ் ஃபீஸும் இதுலதான் கட்டிகினு கீறேன். சபைல சொல்லிடாதம்மா." பிறகு அவராகவே சொன்னார்: "சரி, ஓடிபிய எழுதிக்கோ."

4

நேசமணி ஒரு அயோக்கி

இல்லை. ரெபேக்காவின் அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டபோது கோலார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். அவரை வெறுக்க எனக்கு மனசு வரவில்லை. ஐடா ஆண்ட்டியை நினைத்தால் வயிறெரிகிறது.

முடிவு ஒன்று: ஆண்ட்டியின் கணக்கை மட்டும் சத்தமில்லாமல் முடித்துக் கொடுக்கிறாள். வரிசை அப்படியே நிற்கிறது.

முடிவு இரண்டு: சபையில் சொல்லிவிடுகிறாள். ஜூடித் பாதியில் படிப்பை

5

ஞாயிற்றுக்கிழமை. "வேற அறிவிப்பு ஏதாவது இருக்குதா?" என்றார் போதகர்.

ரெபேக்கா எழுந்துவிட்டாள். பின் பெஞ்சில் நேசமணி தலை குனிந்துகொண்டார். முன்னால் இருந்த ஐடா ஆண்ட்டி, காது மந்தமானதால், திரும்பி அவள் வாயையே பார்த்தாள்.

இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. இவள் ஏன் தயங்குகிறாள் என்று கோபப்படுமுன் ஒன்று கேளுங்கள். ஊருக்கே உதவக்கூடிய ஒரே ஒரு வரியை நானே இரண்டாம் பகுதியில் அடைப்புக்குறிக்குள் போட்டேன். முக்கியமில்லை என்றும் சொன்னேன். நீங்களும் சரி என்று தாண்டி வந்தீர்கள்.

ரெபேக்கா இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறாள். அவள் என்ன சொல்ல வேண்டும் என்பது இனி உங்கள் பாடு.