கைப்பிடியில் ஐந்து வீடுகள்

அலுவலகத்தில் அவளுக்கு ரசீதம்மா என்று பேர். வைத்தவர்கள் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவளோ அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டுவிட்டாள். நுகர்வோர் சங்கத்தின் சார்பில் பதினாறு வருஷமாக ஊர் ஊராகப் போய், எதை வாங்கினாலும் ரசீது கேளுங்கள், கெட்டது என்றால் புகார் கொடுங்கள் என்று தொண்டை கட்டக் கட்டக் கத்துகிறவளுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள். வீட்டில் மகள்கூட, சோறு போட்டதற்கு ரசீது வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் தட்டை வைப்பாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கே தண்ணி காட்டியது அந்த மலையடிவார ஊர். நூற்றிச்சொச்சம் வீடு, ஒரே கடை. இரண்டு முறை முகாம் போட்டும் அங்கிருந்து ஒற்றைப் புகார் வரவில்லை. மேலதிகாரி அவளைக் கூப்பிட்டு, பேசப் போகிறீர்களா, தூங்கப் போகிறீர்களா என்று கேட்டேவிட்டார். புகார் வராததற்குக் காரணம் அவள் பேச்சல்ல, அந்தக் கடைக்காரர். ஊரே அவரைப் புண்ணியவான் என்று கூப்பிட்டது. டார்ச் எரியவில்லையா, குக்கர் விசில் அடிக்கவில்லையா, கொண்டுபோய் நீட்டினால் போதும். ஏன், எதற்கு, நீ என்ன செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிக்கொண்டு வேறொன்றைக் கையில் கொடுத்துவிடுவார். கேட்காமலே மாற்றித் தருகிறவர் இருக்கும்போது எவன் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பான்?

வெட்கக்கேடு என்னவென்றால், ரசீதம்மாவே அந்தக் கடையில் ரசீது வாங்காமல் ஒரு பொருள் வாங்கியிருந்தாள். நாலு மாதத்துக்கு முன்னால், முதல் முகாம் முடிந்த அன்று. வாளித் தண்ணீரில் போட்டுச் சுடவைக்கும் ஹீட்டர் கம்பி. காசு கொடுத்தாள், தன் விலாசக் கார்டையும் கொடுத்தாள், அட்டைப்பெட்டி இல்லையே என்றுகூடக் கேட்டாள். ரசீது என்ற சொல் மட்டும் வாய் வரைக்கும் வந்து, தூக்கமே அறியாதவர் போலிருந்த அந்த முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. அவர் ஹீட்டரை ஒரு வாளியில் இறக்கி, சுவிட்சைப் போட்டு, தன் கையையே தண்ணீருக்குள் விட்டுக் காட்டினார். ஒண்ணுமில்லை, பாருங்கம்மா என்றார். கையை விடும்போது அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டதை அவள் கவனித்தாள். கவனித்ததோடு சரி.

மூன்றாவது முகாம் அன்று காலை பஸ்ஸை விட்டு இறங்கும்போது, கடையிலிருந்து ஒரு கர்ப்பிணிப் பெண் வெளியே வந்தாள். ஏழு மாதம் இருக்கும். தாளில் சுற்றிய நீளப் பொட்டலம் ஒன்றை மார்போடு அணைத்திருந்தாள். ரசீதம்மாவுக்குப் பழக்கதோஷம், ரசீது வாங்கினாயா என்று கேட்டுவிட்டாள். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அவர்கிட்டப் போய் ரசீதா? கேட்டா நாக்கு அழுகிடும்க்கா."

முகாம் பள்ளிக்கூட ஹாலில். சொல்லக் கூடாது, கூட்டம் நன்றாகவே வந்தது. எழுபது எண்பது பேர், ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியை வீட்டிலிருந்தே தூக்கிவந்து போட்டு உட்கார்ந்தார்கள். ஆனால் ஒரு இருமல் இல்லை, ஒரு குழந்தை அழவில்லை. அவள் சொன்னதற்கெல்லாம் ஒரே மாதிரி தலையாட்டினார்கள். கடைசியில், வாங்கின பொருளால் யாருக்காவது ஆபத்து வந்ததுண்டா என்று கேட்டாள். எண்பது தலையும் ஒரே நேரத்தில் குனிந்தன. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் வெளியே பார்த்தார்கள். அவர்கள் பார்த்த திசையில் கடை இருந்தது. அவளுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. பகல் வெயிலில் எதற்கு இந்தக் குளிர் என்று தன்னையே திட்டிக்கொண்டு நன்றியுரையைச் சொல்லி முடித்தாள்.

எல்லாரும் போனபின் ஊர்த் தையல்காரி மட்டும் மிச்ச நாற்காலிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். இரவல் நாற்காலிகள், வீட்டுக்கு வீடு திருப்ப வேண்டும். எது யாருடையது என்று எப்படித் தெரியும் என ரசீதம்மா கேட்டாள். தையல்காரி ஒரு நாற்காலியைத் திருப்பி முதுகைக் காட்டினாள். ஆணியைக் காய்ச்சிச் சுட்ட சிறிய பெருக்கல் அடையாளம். அது தன் வீட்டு அடையாளம் என்றாள். இந்த ஊரில் எதை வாங்கினாலும் முதல் வேலை சூடு போடுவதுதானாம்; வாளி, குடம், டார்ச் எதுவும் தப்பாது. இரவல் கொடுத்தால் மாறிப் போகாது பாருங்கள் என்றாள். கடையில் வாங்குகிற பொருளில் வேறு வீட்டுச் சூடு ஏற்கெனவே இருந்தாலும், யாரோ மாற்றிக்கொண்டது என்று யாரும் கேட்பதில்லையாம். பக்கத்து நாற்காலியில் இரண்டு புள்ளிகள் இருந்தன. அது மாவு மில்காரி வீடு.

ரசீதம்மாவின் விரல் அந்தப் பெருக்கல் அடையாளத்தின் மேலேயே நின்றுவிட்டது. இதை அவள் எங்கேயோ தடவியிருக்கிறாள். ஈரக் கையோடு, தினமும். வீட்டுக் குளியலறையில், ஹீட்டரின் கைப்பிடியில். முதலில் தேய்ந்துபோன ஏதோ ஒன்று, அடுத்து இரண்டு புள்ளிகள், அப்புறம் இந்தப் பெருக்கல். கம்பெனிக்காரன் போட்ட டிசைன் என்று அல்லவா நினைத்திருந்தாள்.

"உங்க வீட்ல ஹீட்டர் இருந்துச்சா? பச்சைக் கைப்பிடி?"

தையல்காரியின் கை நாற்காலியிலேயே நின்றது. இருந்தது என்றாள். போன வருஷம் வரைக்கும். தங்கை குளிக்கப் போனவள் வாளிப் பக்கத்திலேயே கிடந்தாளாம். நெஞ்சு அடைத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். சாவு நடந்த இடத்தில் இருந்த பொருளை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஊரில் ஒரு பேச்சு. கொண்டுபோய்க் கடையில் கொடுத்தார்கள். புண்ணியவான் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டு புதுக் குக்கர் ஒன்றைக் கொடுத்தார்.

மில்காரி வீட்டில் யாராவது போனார்களா என்று ரசீதம்மா கேட்டாள்.  அவள் மாமியார் என்றாள் தையல்காரி. மூன்று வருஷம் ஆகிறது. குளியலறையில் வழுக்கி விழுந்தவர். அதைச் சொல்லி முடித்தபின்தான் தையல்காரிக்கே புரிந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ரசீதம்மா முகாம்களுக்காக வீட்டை விட்டுக் கிளம்பிப் பன்னிரண்டு நாள் ஆகிறது; வீட்டில் மகள் தனியாக இருந்தாள். மகளுக்கு இன்று லீவு. லீவு நாளில் அவள் மத்தியானம்தான் தலைக்குக் குளிப்பாள். அந்த ஊரில் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறினால்தான் செல்போனில் டவர் எடுக்கும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து நாய்கள் குரைத்தன. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி போட்டாள். பெற்ற வயிறு அந்த அரை நிமிஷத்தில் என்னவெல்லாம் நினைத்தது என்று எழுத முடியாது. ஏழாவது மணியில் மகள் எடுத்தாள்.

"ஹீட்டரைத் தொடாதே" என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்ல வந்தது.

"அதுவா? அது போய்ப் பத்து நாளாச்சேம்மா. லேசா ஷாக் அடிச்சுது. அன்னிக்கே அந்தக் கடைக்காரர் தேடிக்கிட்டு வந்தாரு. நீ கொடுத்த கார்டுல அட்ரஸ் இருந்துச்சாம். யாருக்கும் ஒண்ணும் ஆகலையேன்னு விசாரிச்சாரு. சொன்னேன். பேசாம வாங்கிக்கிட்டு வேற ஒண்ணு கொடுத்துட்டாரு. நல்ல மனுஷன்மா."

ரசீதம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மகள் சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். கைப்பிடியில் ஏற்கெனவே மூன்று அடையாளம் இருந்ததா, அதைப் பார்க்கப் பார்க்கத் தானும் ஒன்று போட வேண்டும் போல இருந்ததாம். ஊசியைக் காய்ச்சி, அம்மா விண்ணப்பத்தில் போடுகிற டிக் ஒன்றைப் போட்டு வைத்தாளாம். ஏன் போட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

செல்போனை இறக்கும்போதுதான் காலையில் பார்த்த நீளப் பொட்டலம் ரசீதம்மாவின் கண்ணுக்கு முன்னால் வந்தது.

தையல்காரி பின்னாலேயே ஏறி வந்திருந்தாள். காலையில் பார்த்த கர்ப்பிணிப் பெண்ணின் வீடு எது என்று கேட்டதும், கடைசித் தெருவில் என்றாள். அந்த ஊரில் ஒன்றரைக்குப் போகிற கரண்ட் மூன்றரைக்கு வரும். மணி மூன்று இருபத்தைந்து. இருவரும் ஓடினார்கள். தெருவில் ஒரு சத்தமில்லை. வாசல்களில் நின்றவர்கள் எதற்கு ஓடுகிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. ஒவ்வொருவராக இறங்கிப் பின்னாலே வந்தார்கள்.

வீடு திறந்து கிடந்தது. கொல்லைப்புறக் குளியலறையில் அந்தப் பெண் ஈரத் தரையில் வெறும் காலோடு குட்டை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் வாளி. வாளிக்குள் பச்சைக் கைப்பிடி. சுவரில் சுவிட்ச் கீழே இறங்கிக் கிடந்தது. ஒரு கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு, மெதுவாக அளைந்துகொண்டிருந்தாள்.

"இடுப்பு வலிக்கா" என்றாள் அவள், வந்தவர்களைப் பார்த்து வெள்ளந்தியாகச் சிரித்து. "கரண்டுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

ரசீதம்மா பாய்ந்து சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினாள். தையல்காரி அந்தப் பெண்ணை ஸ்டூலோடு பின்னுக்கு இழுத்தாள். இழுத்து நிமிர்வதற்குள் தலைக்கு மேலே பல்பு பளிச்சென்று எரிந்தது. மூவரும் பல்பையே பார்த்தார்கள். 

ஹீட்டரை ரசீதம்மா துண்டில் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது ஊர் பாதி அங்கே நின்றது. கூட்டம் தானாக விலகியது. புண்ணியவான் வந்தார். அவர் முகத்தில் கோபமில்லை, பயமில்லை. எப்போதும் போலக் கையை நீட்டினார்.

"கொடுங்கம்மா. மாத்தித் தர்றேன்."

கேட்டால் நம்ப மாட்டீர்கள், அவள் கை அதைக் கொடுக்கத்தான் போனது. அந்தக் குரலுக்கு அப்படிப் பழக்கப்படுத்தும் சக்தி இருந்தது. கொடுத்துவிடுங்கள், எதற்கு வம்பு என்று கர்ப்பிணியின் மாமியார் வேறு பின்னாலிருந்து முணுமுணுத்தாள். ரசீதம்மா துண்டை விலக்கிக் கைப்பிடியை வெயிலில் பிடித்தாள்.

"இதை வாங்கினதுக்கு யார்கிட்டயும் ரசீது இல்லை. என்கிட்டயும்தான் இல்லை. ஆனா இதுல அஞ்சு வீடு இருக்கு, பாருங்க."

காலையில் சுட்ட சிறு கோடு இன்னும் தீய்ந்த வாடை அடித்தது. அது கர்ப்பிணி வீடு. அதற்கு முன்னால் டிக், அது என் வீடு என்றாள் ரசீதம்மா. தையல்காரி முன்னால் வந்து பெருக்கலின் மேல் விரலை வைத்தாள்.  மில்காரி மாவுக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு இரண்டு புள்ளிகளைத் தொட்டாள். தொட்டதும் அழுதுவிட்டாள். அதற்கும் முன்னால், தேய்ந்துபோய், ஒரு வட்டம் இருந்தது. அதைத் தொட யாரும் வரவில்லை. ஆனால் ஊர் முழுக்க அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து கடைக்காரரைப் பார்த்தது.

நீட்டிய கை கீழே இறங்கியது.

"என் வீடுதான்" என்றார் அவர். "ஆறு வருஷம் ஆச்சு. என் பொஞ்சாதி குளிக்கத்தான் போனா. கம்பெனிக்கு மூணு தடவை போனேன். எனக்கு யாரும் மாத்தித் தரலைம்மா."

தையல்காரிக்கு ஆவேசம் வந்துவிட்டது. என் தங்கச்சி உங்களுக்கு என்ன பாவம் பண்ணினாள் என்று கேட்டு அவர் சட்டையைப் பிடித்தாள். அவர் விடுவித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் தன் கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்ததாகச் சொன்னார். ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாராம். என்னை மட்டும் அது ஒன்றும் செய்யமாட்டேன் என்கிறது என்றார். அதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்தது பெருமையல்ல, ஏக்கம். அதைக் கேட்டுத்தான் தையல்காரியின் பிடி தளர்ந்தது. ரசீதம்மாவுக்கு அவர்மேல் ஒரு சொட்டு இரக்கம் வரவில்லை. தன் மகளைப் பத்து நாளைக்கு முன் தேடிவந்து நின்ற மனுஷன் அவர். இரக்கம் வராததற்கு அவள் வெட்கப்படவும் இல்லை.

பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து, அந்த வாசல்படியிலேயே உட்கார்ந்து எழுதினாள். புகார் கொடுப்பவர்கள்: நாலு பெண்கள், தன் பெயர் உட்பட. யார்மேல்: கம்பெனி, அடுத்து கடைக்காரர். அவர் குனிந்து பார்த்துவிட்டு, தன் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போனதைச் சொன்னார். திருத்தினாள். கம்பெனியின் முழு விலாசம் கேட்டாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே நாலாக மடித்த தாள், மடிப்பெல்லாம் துணிபோல் ஆகியிருந்தது. கம்பெனி முத்திரை, தேதி, பொருளின் எண், எல்லாம் இருந்தன. அந்த ஊரில் ரசீதம்மா கண்ணால் பார்த்த முதல் ரசீது. கைப்பிடியின் அடியில் இருந்த எண்ணோடு ஒத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. தாளையும் ஹீட்டரையும் சேர்த்துப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

அவர் போகவில்லை. காலிக் கையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

"வாங்கிக்கிட்டதுக்கு எனக்கு ஒரு ரசீது கொடுப்பீங்களாம்மா?" என்று கேட்டார்.

மூன்று முகாமுக்கு அப்புறம் அந்த ஊரில் அவளிடம் அதைக் கேட்ட முதல் ஆள். ரசீதம்மா புத்தகத்தைத் திறந்து, கார்பன் வைத்து, தேதி போட்டு, ஹீட்டர் ஒன்று, ரசீது ஒன்று, பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கிழித்துக் கொடுத்தாள். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடையை நோக்கி நடந்தார்.