இயோனாவுக்கு ஒரு முழம் மேடு

ஒரு குழந்தையின் சொந்த வாய்ச்சொல்லுக்கு என்ன விலை என்று யாராவது கேட்டிருந்தால், அந்த வருடம் எங்கள் தீவில் கறாரான பதில் இருந்தது: ஐயாயிரம் லிட்டர் மழைத்தொட்டி ஒன்று, குழாயும் மூடியும் சேர்த்து. தலைமையாசிரியர் தெபானோ பேசி முடித்த விலை அது. நிதி கொடுக்கும் வெளிநாட்டு ஆட்கள் தலைநகர் தராவாவிலிருந்து படகில் வருவார்கள். மனியாபாவில், ஊரே கூடும் அந்தப் பெரிய கூரையடியில், பாயில் உட்காருவார்கள். பள்ளிப் பிள்ளை ஒன்று கடல் ஏறி வருவதைப் பற்றிப் பேசும். அவர்கள் கண் கலங்குவார்கள். தொட்டி வரும். பேச்சைத் தெபானோவே எழுதி வைத்துவிட்டார். மூன்றாவது வரியில் குரல் தழுதழுக்க வேண்டும் என்று ஓரத்தில் குறிப்பு வேறு.

ஆறாம் வகுப்பு ஆசிரியை அகனேசிக்கு அந்தக் காகிதம் பிடிக்கவில்லை. அவள் கடை வைத்து நொடித்தவரின் மகள். நொடித்ததற்குச் சரக்கு காரணமில்லை, புபுசி காரணம். எங்கள் பக்கத்தில் ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்து "உன்கிட்ட புபுசி கேக்கறேன்" என்று சொல்லிவிட்டால், கேட்டதைக் கொடுத்தே ஆகவேண்டும். இல்லை என்று சொன்னவன் பிறகு ஊருக்குள் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அரிசி மூட்டை, சைக்கிள், கடைசியில் தராசும் அப்படித்தான் போயிற்று. தராசை வாங்கிப்போனவர் சொந்தச் சித்தப்பா. வாயிலிருந்து வரும் சொல்லுக்கு எடை உண்டு என்பதை அகனேசி அன்று கற்றுக்கொண்டாள்.

"கடலைப் பத்திப் பேசணும்னா அழணும்னு இல்ல," என்றாள் வகுப்பில். "பார்த்ததைச் சொல்லுங்க. அதைப் பத்தி என்ன நினைக்கறீங்கன்னு சொல்லுங்க. கடைசியா உங்களுக்கு என்ன வேணுமோ அதைக் கேளுங்க. அவ்வளவுதான்."

"பெரியவங்க இருக்கற இடத்துல நாங்க நினைக்கறதுக்கு என்ன டீச்சர் இருக்கு?" என்றான் கபூரே. "மீன் தலையே அவங்க தின்னு மிச்சம் வச்சாத்தான் எங்களுக்கு."

"இங்க நான் மட்டும்தான் இருக்கேன். மீன் தலையும் இல்ல. சொல்லு."

"ஆக்லாந்துக்குப் போயிடலாம்னு நினைக்கறேன். மாமா அங்கதான் இருக்காரு. ரக்பி ஆடலாம்."

"போடா போ!" என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி கத்தினாள். "நீ போனா எங்களுக்கு மீன் மிச்சம்."

"ரெண்டுமே கருத்துதான்," என்றாள் அகனேசி. "ஏன்னு மட்டும் சொல்லுங்க."

அதன் பிறகு வாயை மூட வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ரெரேயா ஒருத்திதான் பல நாள் பேசவில்லை. ஒரு நாள் மணியடித்த பிறகு மேசையருகே வந்து நின்றாள்.

"நான் இன்னும் முடிவு பண்ணல டீச்சர். அதையும் சொல்லலாமா?"

"அதையும் சொல்லலாம்."

மனியாபாவில் யார் பேசுவது என்று அகனேசி வகுப்பையே கேட்டாள். எல்லோரும் ரெரேயாவைக் காட்டினார்கள்.

தெபானோ தலையில் அடித்துக்கொண்டார். "முடிவு பண்ணாத பிள்ளைக்கு எவன்மா தொட்டி குடுப்பான்? பள்ளிக்கூடத்துக் கிணறு உப்புக் கரிக்குது. பசங்களுக்கு உன் கொள்கையையா ஊத்திக் குடுக்கப் போற?"

அவர் சொன்னது பொய்யில்லை. முந்தின நாள்தான் இரண்டு பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் படுத்திருந்தன. கடைசியில் அகனேசி தெபானோ எழுதிய காகிதத்தை ரெரேயாவின் கையிலேயே கொடுத்தாள்.

"இதையும் வச்சுக்கோ. தொட்டி நமக்கு வேணும், அது நிஜம். எதைச் சொல்றதுன்னு நீயே பார்த்துக்கோ."

படகு வந்தது. மனியாபாவில் பிள்ளைகள் பேசும் வழக்கம் கிடையாது. அவரவர் குடும்பத்துக்கு உரிய இடத்தில், அந்தக் குடும்பத்துப் பெரியவர்தான் பேசலாம். ரெரேயா தன் குடும்பத் தூணோரம் உட்கார்ந்தபடியே பேசட்டும் என்று ஊர்ப் பெரியவர் தோகனா மனசில்லாமல்தான் ஒப்புக்கொண்டார். விருந்தாளிகளின் தலைவியான தொப்பிக்காரம்மாவுக்குக் காலை மடக்கி உட்காரத் தெரியவில்லை. யாரோ நீட்டிய அந்தக் கால்மேல் ஒரு துணியைப் போர்த்தி மரியாதையைக் காப்பாற்றினார்கள்.

ரெரேயா காகிதத்தை மடித்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

"என் தம்பி பேரு இயோனா. பிறந்த வருஷமே செத்துட்டான். எங்க வீட்டுப் பக்கத்துலதான் புதைச்சோம். தண்ணி வந்துச்சு, அப்பா அவனை எடுத்து உள்பக்கம் வச்சாரு. மறுபடியும் வந்துச்சு, மறுபடியும் எடுத்தாரு. எங்க பாபாய்க் கிழங்குக் குழியும் உப்பாயிடுச்சு. அம்மா ஃபிஜிக்குப் போகலாம்னு சொல்றா. அப்பா மாட்டேங்கறாரு. நான் இன்னும் முடிவு பண்ணல. போனா இயோனாவை யார் நகர்த்துவா? இருந்தா எங்க நகர்த்தறது?"

அவள் தொப்பிக்காரம்மாவை நேராகப் பார்த்தாள்.

"உங்க ஊர்ல மலை இருக்குன்னு டீச்சர் சொன்னாங்க. உங்ககிட்ட புபுசி கேக்கறேன். இயோனாவுக்கு மேட்டுல ஒரு முழம் நிலம் குடுங்க."

மனியாபாவில் விசிறி ஓலைகள் நின்றுவிட்டன. ரெரேயாவின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். வேண்டியதைக் கேளுங்கள் என அகனேசி சொல்லிக்கொடுத்தாளே தவிர, எங்கள் பிள்ளைக்குப் பெரியவர்கள் நடுவில் கேட்கத் தெரிந்த வழி அது ஒன்றுதான் என்பதை யோசிக்கவில்லை. அப்பாவின் கடையைத் தின்ற சொல்லைத் தானே ஒரு குழந்தையின் வாயில் வைத்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

மொழிபெயர்க்க வேண்டியவர் தெபானோ. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "கடலால் ரொம்பக் கஷ்டப்படுகிறார்களாம். தொட்டி கொடுத்தால் நன்றியோடு இருப்பார்களாம்."

தொப்பிக்காரம்மா முகமெல்லாம் சிரிப்பாகக் கைதட்டினாள்.

ரெரேயா திரும்பி அகனேசியைப் பார்த்தாள். தம்பியின் குழிக்கு இடம் கேட்டால் ஏன் கைதட்டுகிறார்கள் என்று அந்தக் கண்கள் கேட்டன.

ஊர்க்காரர்களில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் தெபானோவும் அகனேசியும் மட்டும்தான். அகனேசி வாயைத் திறக்காமல் இருந்தால் தொட்டி நிச்சயம். அவள் எழுந்தாள்.

"அவ அதைச் சொல்லல," என்றாள் ஆங்கிலத்தில்.

"உட்காரு, அகனேசி," என்றார் தெபானோ பல்லைக் கடித்தபடி.

அவள் உட்காரவில்லை. இயோனாவில் தொடங்கி ஒரு முழம் வரை, கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். புபுசி என்றால் என்ன என்பதையும் சொன்னாள். தட்டிய கைகள் மடியில் இறங்கின.

"நிலம் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை," என்றாள் தொப்பிக்காரம்மா. "ஆனால் முடியாது என்று இந்தப் பெண்ணிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை."

அகனேசி இரண்டையும் ஊருக்குச் சொன்னாள்.

தோகனா தாடையைத் தடவினார். "இல்லைன்னு சொல்லல, இல்லையா?"

"இல்ல, பெரியவரே."

"அப்ப கேட்டது நிக்குது."

"எவ்வளவு நாள் நிக்கும் தாத்தா?" என்றாள் ரெரேயா. இந்த முறை யாருடைய அனுமதியையும் அவள் கேட்கவில்லை.

"குடுக்கற வரைக்கும்."

படகு போன பிறகு தெபானோ அகனேசியிடம் பேசவே இல்லை. மேற்குக் காற்று தொடங்குவதற்கு முன்னால் தொட்டி வந்து இறங்கியது. அன்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "பொழச்ச." காற்று தொடங்கிய பிறகு ஒரு விடியலில் கடல் உள்ளே வந்தது. ரெரேயாவின் அப்பா இயோனாவை மறுபடியும் எடுத்தார். அந்த இடத்தில் தீவின் அகலம் தெருவளவுதான். இனி நகர்த்தினால் மறுபக்கத்துத் தண்ணீர்.

வந்து சேர்ந்தது: தொட்டி ஒன்று, குழாய் ஒன்று. மூடி வரவில்லை. பாக்கி: மேட்டு நிலம், ஒரு முழம்.